மிதவையை அமுக்கிப் பிடித்தவர்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டார். பாவம், அவர் நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். என்னோடு வேலை பார்த்திருந்தால் நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைத் தேடியிருப்பார். எனக்கு அறிவுரை சொல்ல வராது, திட்ட வரும். உங்களைத் திட்டுவதற்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்காததால், நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறேன்.

சிக்னல் தலைகீழாக வருவது நம் தொழிலில் சளி பிடிப்பது மாதிரி. எல்லாருக்கும் வரும், யாரும் அதற்காக லீவு போட மாட்டோம். உங்களில் சிலர் படிப்பு முடித்து நேராக வந்திருக்கிறீர்கள், சிலர் கணக்குப் பிரிவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கதவோரம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் விளக்கு அணையும், விட்டால் எரியும். மற்ற சுவிட்செல்லாம் அமுக்கினால் எரிகிறபோது இது மட்டும் ஏன் இப்படி என்று யாரும் கேட்பதில்லை. நாம் செய்கிற மின்சுற்று போர்டுக்குள்ளும் அப்படித்தான். சில கம்பிகள் ‘ஆமாம்’ என்று சொல்ல ஒன்று அனுப்பும், சில கம்பிகள் அதற்கே சுழியம் அனுப்பும். எந்தக் கம்பிக்கு எந்தக் குணம் என்று தெரிந்து, அதன் பேச்சை மற்ற நிரலுக்குச் சரியாக எடுத்துச் சொல்வதுதான் டிரைவர் என்கிற சின்ன நிரலின் வேலை. தப்பாக எழுதிவிட்டால் திருத்துவது ரொம்பச் சுலபம். அந்த வரியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் ஆமாம் இல்லையாகிவிடும், இல்லை ஆமாமாகிவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் வம்பு. கஷ்டமான வேலையென்றால் ஒருவர்தான் கை வைப்பார். சுலபமான வேலைக்கு எல்லாரும் கை வைப்பார்கள்.

அப்போது நாம் மரக்காணத்து உப்பளங்களுக்கு மோட்டார் பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். உப்பளம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். போர்க் கிணற்று உப்புத் தண்ணீரை மோட்டாரால் இறைத்து முதலில் தேக்கத்தில் நிரப்புவார்கள். முழங்கால் ஆழம் இருக்கும். அங்கே வெயிலில் காய்ந்து உப்பு கெட்டிப்பட்ட தண்ணீரை, வேண்டிய அளவு மட்டும் கீழே இருக்கும் பாத்திகளுக்கு விடுவார்கள். பாத்தியில்தான் உப்பு விளையும். விளைந்து நிற்கும் நேரத்தில் தேக்கம் வழிந்து புதுத் தண்ணீர் பாத்தியில் ஏறினால், விளைந்த உப்பு கரைந்து போகும். பத்து நாள் வெயில் பத்து நிமிஷத்தில் வீண்.

மும்முனை மின்சாரம் அங்கே அதன் இஷ்டத்துக்கு வரும். வந்ததும் யாராவது ஓடிப்போய் மோட்டார் போட வேண்டும், நிறைந்ததும் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். நம் பெட்டி அந்த ஓட்டத்தைத் தவிர்த்தது. தேக்கத்தில் ஒரு மிதவை கிடக்கும். தண்ணீர் குறைந்தால் அது கீழே தொங்கும், மோட்டார் ஓடும். தேக்கம் நிறைந்தால் மிதவை மேலே எழும், மோட்டார் நிற்கும். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருந்ததால் புது நிரலை நாம் ஆபீஸிலிருந்தே அனுப்பலாம். நிறுத்தும் பொத்தான் மட்டும் கிடையாது. “எல்லாம் தானாகவே” என்று விளம்பரம் அடித்துவிட்டோம், இப்போது பொத்தான் வைத்தால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்று விற்பனைப் பிரிவு சொல்லிவிட்டது. விற்பனைப் பிரிவைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை இங்கே சொல்ல முடியாது.

டிரைவர் எழுதியவள் நான், போர்டு வடிவமைத்தவர் பாஸ்கர். சாது. நான் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். திண்டிவனம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், தொட்டி நிறைந்த பிறகுதான் மோட்டார் ஓடுகிறது என்று புகார் சொன்னார். பாஸ்கர் போர்டைக் குடைந்து பார்த்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், புது போர்டுல ஒரு பார்ட் மாத்தினோம் இல்ல, அது மிதவை சிக்னலத் தலைகீழா ஆக்கிடுது மேடம். சாரி மேடம்.”

“போர்டு மாறி எத்தனை மாசம் ஆச்சு? இப்போதான் ஒருத்தர் கண்டுபுடிச்சாரா? மரக்காணத்துல அத்தனை பெட்டி ஓடுது, ஒரு புகாரும் இல்லியே?”

“அதான் மேடம் எனக்கும் புரியல.”

எனக்கும் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு, புரிந்ததைத் திருத்தினேன். ஓர் ஆச்சரியக்குறி. மேஜையில் வைத்து மிதவையைத் தூக்கிப் பார்த்தோம், இறக்கிப் பார்த்தோம், சரியாக வேலை செய்தது. எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டேன். அது சரியான திருத்தம். இன்றைக்கும் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன், சரியான திருத்தம்.

மறுநாள் காலையில் மரக்காணத்திலிருந்து அஞ்சலை போன் செய்தாள்.

“மேடம், உங்க பொட்டிக்கு இன்னா ஆச்சி? தேக்கம் ரொம்பி நிக்குது, மோட்டாரு நிக்க மாட்டுது.”

“இனிமே அந்தப் பிரச்சனை வராதும்மா. நேத்துதான் சரி பண்ணோம்.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் மேடம் இருந்துது. நீங்க சரி பண்ணதுலருந்துதான் கெட்டுப் போச்சி.”

அஞ்சலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போனபோது, குத்தகையில் இருந்த உப்பளத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். புருஷனின் அண்ணன் தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை உப்பளம் நடத்தினால் குடும்பத்து மானம் என்ன ஆவது என்று சொந்தக்காரர்களைக் கூட்டினார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒரு பருவம் அஞ்சலை பார்க்கட்டும். விளைச்சலைக் கெடுத்தாளென்றால் குத்தகை தணிகாசலத்துக்கு. பருவத்தின் கடைசி உப்பு, அதுவும் பெரிய விளைச்சல், அன்றைக்குத்தான் பாத்திகளில் நின்றது. விடியற்காலையில் ஆள் வைத்துப் பாதியை வாரிவிட்டாள். மீதிப் பாதி பாத்தியிலேயே இருந்தபோது மின்சாரம் வந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தேக்கத்துக்கு மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது.

தணிகாசலம் அந்தப் பருவம் முழுவதும் தினமும் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வரப்பில் போட்டு, குடையை விரித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருப்பார். எப்போது கெடும் என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மோட்டார் கொட்டகைச் சாவியை மட்டும் அவர் கொடுக்கவில்லை. மெயின் சுவிட்ச் அந்தக் கொட்டகைக்குள், நம் பெட்டி வெளிச் சுவரில். “சாவி ஆம்பள இடுப்புல இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். பெட்டிதான் தானாக எல்லாம் செய்கிறதே என்று அஞ்சலையும் விட்டுவிட்டாள்.

நான் பாஸ்கரை இழுத்துக்கொண்டு ஆபீஸ் ஜீப்பில் கிளம்பினேன். புதுச்சேரி எல்லை தாண்டியதிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். போர்டைத் திட்டினேன், பார்ட்டைத் திட்டினேன், முன்னால் போன பஸ்ஸைத் திட்டினேன். அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி வந்தார். நடுவில் ஏதோ தட்டினார். மெயில் பார்க்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் என் கோபத்தைத் தணிக்க ஒரு நல்ல காரியம் செய்தார். அஞ்சலையின் பெட்டிக்குப் பழைய டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு திட்டு விழும் என்று நினைத்திருக்கிறார். நினைத்தது நியாயம்தான்.

உப்பளத்தில் அதற்குள் ஏழுமலை வந்து சேர்ந்திருந்தான். மரக்காணத்தில் நம் பெட்டிகளையெல்லாம் மாட்டிக்கொடுத்தவன் அவன்தான். பம்பு மெக்கானிக், நல்ல கை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான். அவன் பெட்டியைத் திறந்து தன் வேலையைச் செய்தான், மோட்டார் நின்றது. அஞ்சலை எனக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தபோது மோட்டார் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் ஜீப்பில் பாஸ்கர் தட்டியிருக்கிறார். ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி பெட்டியைத் திறந்தான், மறுபடி தன் வேலையைச் செய்தான். நின்றது.

அப்போது நான் போய் இறங்கினேன். இறங்குவதற்கு முன்னால் என் போனில் பார்த்தேன், அந்தப் பெட்டியில் பழைய டிரைவர் இருப்பதாகக் காட்டியது. ஓகோ, நேற்று அனுப்பினது இதற்குப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் இத்தனை கூத்து என்று முடிவு கட்டி, நடந்துகொண்டே புது டிரைவரை மறுபடி அனுப்பினேன். நான் வரப்பில் கால் வைக்க, மோட்டார் ‘உர்ர்’ என்று ஓட ஆரம்பித்தது.

“ஏழுமல! இன்னாடா பண்ண?” என்று அஞ்சலை கத்தினாள்.

“நா ஒண்ணும் பண்ணலக்கா! சும்மாதான் நிக்கறேன்!”

தேக்கம் விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வரப்பில் ஓர் இடம் ஊறி இளகி, அங்கேயிருந்து தண்ணீர் கசிந்து முதல் பாத்திக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. உப்பு வாரும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சேற்றை அள்ளி அள்ளி அப்பினார்கள்.

“மாமா, சாவியக் குடு!” என்றாள் அஞ்சலை.

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்தபடி, “கேக்கற வெதமா கேட்டா குடுப்பேன்” என்றார்.

“கால்ல வுழணுமா? உப்பு போவுது மாமா!”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பருவம் பூராவும் இதற்காகத்தான் காத்திருந்தார். ஆனால் கசிந்த தண்ணீர் முதல் பாத்திக்குள் போய், வெள்ளையாக நின்ற உப்பின் ஓரத்தைத் தின்ன ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவரால் உட்கார முடியவில்லை. அவரும் சின்ன வயதிலிருந்து உப்பு வாரினவர்தானே. “அய்யய்யோ, அது முத்து மாதிரி வெளஞ்ச உப்பாச்சே” என்று எழுந்தார். இடுப்பில் கை விட்டுச் சாவியை எடுத்தார், வரப்பில் ஓடினார், ஊறிப்போன இடத்தில் கால் வைத்தார், குடையோடு தேக்கத்துக்குள் விழுந்தார்.

மோட்டார் நின்றது.

எல்லாரும் அப்படியே நின்றோம். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மோட்டார் ஓடியது. வழுக்கி மறுபடி உட்கார்ந்தார். நின்றது.

முதலில் அஞ்சலைக்குத்தான் விளங்கியது. “மாமா! எழுந்திரிக்காத! ஒக்காரு, ஒக்காரு!”

அவர் மிதவையின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைகீழாகிப்போன பெட்டிக்கு மிதவை மேலே இருந்தால் ஓடு என்று அர்த்தம், கீழே போனால் நில் என்று அர்த்தம். மனுஷன் தன் எடையால் அதைத் தண்ணீருக்கடியில் அமுக்கி வைத்திருந்தார்.

“சாவி எங்க மாமா?”

அவர் கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் சேறுதான் இருந்தது. சாவி தேக்கத்தின் அடிச்சேற்றில் எங்கேயோ போய்விட்டது. ஏழுமலை ஒரு கல்லை எடுத்துப் பூட்டை நாலு போடு போட்டான். உப்புக் காற்றில் அங்கே துருப்பிடிக்காத சாமானே கிடையாது. அந்தப் பூட்டு மட்டும் பித்தளை. கல் உடைந்தது.

இதற்குள் பாஸ்கர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். ஏழுமலை கல்லை எறிந்துவிட்டு, பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினான். என் விரலும் போனின் மேல் இருந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பக்கத்து ஊர் எக்கியார்குப்பம் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

“எல்லாரும் கையை எடுங்க! எவனும் எதையும் தொடக் கூடாது!”

மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம், நான் உள்பட. தணிகாசலமும் கையைத் தூக்கினார். “உங்கள இல்ல, நீங்க அப்படியே இருங்க” என்றேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். பாஸ்கர் ஜீப்பில் செய்ததைச் சொன்னார், நான்கு முறை மன்னிப்புக் கேட்டார். நான் நடந்துகொண்டே அனுப்பியதை நானே சொன்னேன். ஏழுமலையிடம் வந்தேன்.

“நீ இன்னாப்பா பண்ண?”

“நா ஒண்ணும் பண்ணல மேடம்.”

“பெட்டியத் தொறந்தியே?”

“அது ரிவர்ஸ்ல ஓடிச்சி. ரெண்டு ஒயர மாத்திப் போட்டேன். அவ்ளோதான். அதெல்லாம் பண்றதுதான மேடம்.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். மும்முனை மோட்டார் மாட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இது ஒரு பழக்கம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், இரண்டு ஃபேஸ் ஒயரை மாற்றிப் போடுவார்கள். நேராகச் சுற்றும். அதை யாரும் பழுது என்று சொல்ல மாட்டார்கள், யாரிடமும் போய் அறிவிக்க மாட்டார்கள். செருப்பை இடதுகால் வலதுகால் மாற்றிப் போட்டுக்கொண்டால் சரியாகப் போட்டுக்கொள்வதைப் போய் யாரிடமாவது சொல்வோமா? ஏழுமலைக்கு நம் பெட்டியும் ரிவர்ஸில் ஓடுகிற ஒரு மோட்டார்தான். மிதவை ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டால் அதுவும் நேராகிவிடும்.

“ஏழுமல, இந்தப் பொட்டிய மொத மொத மாட்டும்போதும் ரிவர்ஸா ஓடிச்சா?”

“ஆமா மேடம்.”

“அப்பவும் ஒயர மாத்திப் போட்டியா?”

“ஆமா மேடம். எல்லா எடத்துலயும் மாத்தித்தான் போட்டேன். புது பொட்டி எல்லாமே ரிவர்ஸ்லதான வருது.”

“ஏம்பா, ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லக் கூடாதா?”

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “இதுல சொல்றதுக்கு இன்னா மேடம் இருக்குது?”

மரக்காணத்திலிருந்து ஏன் ஒரு புகாரும் வரவில்லை என்பது அப்போது புரிந்தது. போர்டு தலைகீழாக்கியதை அவன் ஒயரால் நிமிர்த்தியிருந்தான். நிமிர்ந்து நின்றதை நான் ஆச்சரியக்குறியால் மறுபடி கவிழ்த்துவிட்டேன். தென்னந்தோப்புக்காரரின் பெட்டியை வேறு ஆள் மாட்டினான், அவன் ஒயரைத் தொடவில்லை, அதனால் அங்கே என் திருத்தம் சரி. இங்கே அதே திருத்தம் நாசம். அன்று காலை உப்பளத்தில் நாங்கள் மூன்று பேரும் செய்த ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் திருத்தி, அதை மூன்றாமவர் திருத்தி, அந்த அம்மாவின் உப்புக்கு உலை வைத்தோம்.

போன் அடிக்க ஆரம்பித்தது. மற்ற உப்பளக்காரர்கள். ஒயரை மாற்றித்தான் மாட்டினான் என்று ஏழுமலையைச் சத்தியம் பண்ணச் சொல்லி, அவன் மாட்டிய பெட்டிகளுக்கெல்லாம் ஜீப் பானெட்டில் லேப்டாப்பை வைத்துப் பழைய டிரைவரை அனுப்பினேன். ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டேன், நின்றுவிட்டது என்றார்கள். மிச்சம் அஞ்சலையின் பெட்டி ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். விரலைக் கொண்டுபோனேன். அப்போது வரப்பைப் பார்த்தேன். அப்பிய சேறு இன்னும் ஈரமாக, தொட்டால் விழும் நிலையில் இருந்தது. என் கணக்கு எங்கேயாவது பிசகி மோட்டார் இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால், வரப்பு உடைந்து தேக்கம் மொத்தமும் பாத்திக்குள் இறங்கிவிடும். என் கணக்கு பிசகாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் காலையிலிருந்து எல்லாரும் நிச்சயமாகத்தான் இருந்தோம்.

“இப்ப மோட்டாரு நிக்குதா இல்லியா?” என்றாள் அஞ்சலை.

“நிக்குது.”

“எதுனால நிக்குதுன்னு தெரியுமா?”

“தெரியும். அவரு அமுக்கி வெச்சிருக்கறதால.”

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் லேப்டாப்பை மூடினேன். நீங்கள் எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உங்களுக்கு வராது. திருத்தம் கையில் இருக்கிறது, சரியான திருத்தம், அதைப் போடாமல் சும்மா நிற்க வேண்டும். எனக்குக் கையெல்லாம் அரித்தது. அந்தக் காலையில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மிதவை கீழே இருக்கும் வரை மோட்டார் ஓடாது. தெரிந்த அந்த ஒன்றை நம்பி உப்பை வெளியே எடுத்துவிட்டு, பிறகு தெரியாததைப் பார்த்துக்கொள்ளலாம்.

“வாரிடு அஞ்சலை. நீ முடிக்கற வரைக்கும் நாங்க எதையும் தொட மாட்டோம்.”

வெயில் ஏறிய பிறகு யாரும் உப்பு வார மாட்டார்கள். கண் கூசும், கால் வெந்துவிடும். பெண்கள் தயங்கினார்கள். அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்பு வாரும் பலகையோடு முதலில் இறங்கினாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். ஏழுமலை கூடை தூக்கினான். நான் வரப்புக்குச் சேறு அப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியான வேலை செய்தாய் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

தணிகாசலம் தேக்கத்தில் உட்கார்ந்தபடி கத்தினார். “நா எவ்ளோ நேரம் இப்படியே கெடக்கறது? எனக்கு முட்டி வலி இருக்குது!”

“கொஞ்ச நேரம் மாமா.”

“கால்ல காயம் இருக்குதுடி, எரியுதுடி!”

“சாவி குடுத்திருந்தா எரியுமா?”

பார்க்கப் பாவமாக இருந்ததால் பாஸ்கர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தேக்கத்துக்குள் இறங்கினார். தணிகாசலம் மிதவையை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க, பாஸ்கர் நாற்காலியை அவருக்கு அடியில் நுழைக்க, அவர் முழங்கால் தண்ணீரில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் மிதவையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பாஸ்கர் அவருக்குக் குடை பிடித்தார். ஐந்து வோல்ட்டுக்கு மேல் எதையும் தொடாத பாஸ்கர், பேன்ட்டோடு உப்புத் தண்ணீரில் நின்று, “சார், கை வலிச்சா சொல்லுங்க சார், நான் புடிக்கறேன் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“வேணாம் தம்பி. நீ வுட்டுடுவ” என்றார் தணிகாசலம். கொடுக்கவே இல்லை. கை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் புலம்பினார். பிறகு பாத்தி பாத்தியாக உப்பு வெளியே போய் மேட்டில் குவிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் பாத்தியின் ஓரத்தில் கொஞ்சம் போனதைத் தவிர மற்றதெல்லாம் கரையேறியது. கடைசிக் கூடை மேட்டில் கொட்டியதும், “அவ்ளோதானா? ஓரத்துல வழிச்சிங்களா?” என்று அவரே கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பெட்டிக்கு வந்தோம். ஒருவர் மட்டும் கை வைக்க வேண்டும், மற்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டும், கை வைப்பவர் என்ன மாற்றுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஏழுமலைக்குத்தான் கூச்சமாக இருந்தது. “ரெண்டு ஒயர மாத்தறேன்னு கூவணுமா மேடம்? சிரிப்பாங்க” என்றான். சிரிக்கட்டும், கூவு என்றேன். கூவினான், எல்லாரும் சிரித்தார்கள். ஒயரை நேராகப் போட்டான், புது டிரைவர் இருந்தபடி இருந்தது, தணிகாசலத்தை மிதவையை விடச் சொன்னேன். மிதவை மேலே வந்தது. மோட்டார் ஓடவில்லை. அவர் அதை நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த நாட்களில் மற்ற உப்பளங்களிலும் ஒவ்வொன்றாக இதேபோலக் கூவிக் கூவி மாற்றினோம். நிறுத்தும் பொத்தானும் வைத்தோம். சாவி கிடைக்கவேயில்லை. பூட்டை அறுத்தெடுத்துவிட்டு அஞ்சலை புதுப் பூட்டு வாங்கினாள், சாவியை அவளே வைத்துக்கொண்டாள்.

பருவம் முடிந்து சொந்தக்காரர்கள் கூடியதை அவள் எனக்குப் போனில் சொன்னாள். யாரோ ஒரு பெரியவர், “கடைசி வெளச்சல்ல தேக்கம் வழிஞ்சிடுச்சாமே, பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்” என்று ஆரம்பித்திருக்கிறார். அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் எழுந்துவிட்டாராம்.

“எவன்டா சொன்னது வழிஞ்சிடுச்சின்னு? நா தண்ணியில ஒக்காந்து இந்தக் கையால அமுக்கிப் புடிச்சி காப்பாத்துன உப்புடா அது! ஒரு பாத்தி போவல! அவ வெயில்ல எறங்கி வாருனா, நா புடிச்சேன். குத்தகைய மாத்தறேன்னு எவனாவது வாயத் தொறந்தா நல்லா இருக்காது!”

குத்தகையை மாற்ற வேண்டும் என்று பருவம் முழுக்கச் சொன்னவரே அவர்தான் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அஞ்சலை சொல்லும்போது பாதி சிரித்தாள், பாதி அழுதாள். நானும் அதேதான் செய்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

அடுத்த பருவம் மறுபடி போன் செய்தாள்.

“மேடம், பொட்டி நல்லா ஓடுது. அவருதான் ரோதன. நேத்து மொத வெளச்சல் வாருனோம். என்ன கூப்புடாம எப்படி வாருவீங்க, மிதவைய யாரு பாத்துக்கிட்டாங்கன்னு ஒரே சண்ட. சோறு துன்னல. அது தானா நிக்குது மாமான்னா நம்ப மாட்றாரு.”

நான் அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். “அவருகிட்ட சொல்லும்மா. பெட்டி சரியாத்தான் இருக்குது, ஆனா உப்பு வாரற அன்னிக்கி மட்டும் வெவரம் தெரிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்கன்னு.”

இப்போதும் உப்பு வாரும் நாளில் விடியும் முன்னே வந்துவிடுகிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே உட்கார்ந்திருக்கிற வரை அஞ்சலையின் குத்தகையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. சர்வீஸுக்காக உங்களில் யாராவது அந்தப் பக்கம் போகலாம். அவர் உங்களைப் பிடித்து உட்கார வைத்து, தான் இல்லாவிட்டால் இந்தப் பெட்டி ஒன்றுக்கும் உதவாது என்று சொல்வார். ஆமாங்க ஐயா என்று சொல்லிவிட்டு வாருங்கள். போய்த் திருத்தித் தொலைக்காதீர்கள்.